குடியிருப்பு மனையில் இலக்குச் சுடுதல்: அமெரிக்கச் சட்ட விதிகள்

குடியிருப்பு மனையில் இலக்குச் சுடுதல் என்பது ஒருவர் தம் வீட்டை ஒட்டிய சொந்த நிலத்தில் குறி ஒன்றை நிறுத்தி, பயிற்சிக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ துப்பாக்கியால் சுடுவதாகும். வேட்டை, தற்காப்பு, வணிக முறையில் நடக்கும் சுடுதளங்கள் ஆகியவை இதில் அடங்கா. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இதற்கென்று நாடு முழுமைக்குமான ஒரே சட்டம் கிடையாது. மாநிலச் சட்டம், கவுன்டி (மாவட்ட) விதி, நகர விதி, இவற்றோடு பக்கத்து மனைக்காரர் தொடுக்கும் உரிமையியல் வழக்கு என்று நான்கு அடுக்குகள் இதைக் கட்டுப்படுத்துகின்றன. எந்த அடுக்கு எந்த அடுக்கை வெல்லும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இந்த விதிகளைத் துப்பாக்கி உரிமை பற்றிய பெரிய விவாதத்தின் ஒரு சிறு கிளையாகவே பலரும் எழுதுகிறார்கள். ஆனால் வரலாற்றை வரிசையாகப் படித்தால் இவை ஆயுதச் சட்டமாக அல்ல, ஊர்ச் சட்டமாகவே பிறந்து வளர்ந்தவை என்பது தெரியும். யார் துப்பாக்கி வைத்திருக்கலாம் என்ற கேள்வியைவிட, சுட்ட தோட்டா எங்கே போய் நிற்கும் என்ற கேள்வியே இவற்றின் உள்ளே இருக்கிறது. அதற்கு நிலத்தைப் பார்த்துத்தான் விடை சொல்ல முடியும். அந்த விடையைச் சொல்லும் அதிகாரம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊர்களிடமிருந்து மாநிலத் தலைநகரங்களுக்குப் போனது. இன்றைய குழப்பத்தின் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்கச் சட்டத்துக்கு முன்னோடி எட்டாம் ஹென்றி காலத்து இங்கிலாந்து. 1541-ஆம் ஆண்டின் கைத்துப்பாக்கி, குறுக்குவில் சட்டம் ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானம் தரும் நிலம் உடையவர்களைத் தவிர மற்றவர்கள் இவ்வாயுதங்களைப் பயன்படுத்துவதைத் தடுத்தது. துப்பாக்கியின் குறைந்தபட்ச நீளத்தையும் அதுவே வரையறுத்தது. சட்ட வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இந்த வர்க்கத் தடையைப் பற்றியே பேசுகின்றன. நம் பொருளுக்கு முக்கியமான பிரிவு வேறு. நகரம், பரோ எனும் தன்னாட்சி ஊர், சந்தை ஊர் ஆகியவற்றுக்குள்ளும், அவற்றிலிருந்து கால் மைல் தொலைவுக்குள்ளும் எவரும் துப்பாக்கியால் சுடக்கூடாது. மீறினால் ஒவ்வொரு சூட்டுக்கும் 10 பவுண்டு தண்டம். இதற்கு இரண்டு விலக்குகள் இருந்தன. தன் உடலையும் வீட்டையும் காக்கச் சுடுவது ஒன்று. பொருத்தமான இடத்தில் எழுப்பிய மண்மேட்டைக் குறியாக வைத்துச் சுடுவது மற்றொன்று. அந்தக் காலத்தில் 10 பவுண்டு என்பது கைவினைஞர் ஒருவர் ஓராண்டு உழைத்தாலும் எளிதில் காணமுடியாத தொகை. அவ்வளவு பெரிய தண்டத்தை விதித்த அரசு, மண்மேட்டின் முன்னால் நின்று சுடுபவரை மட்டும் விட்டுவிட்டது. காரணம் எளியது. அதே ஆண்டின் மற்றொரு சட்டம் ஊர்தோறும் வில் பயிற்சிக்கு மண்மேடுகளைப் பராமரிக்கச் சொன்னது. ஆங்கிலேய ஊர்களுக்கு அம்பு பாயும் மண்கரை ஏற்கெனவே பழகிய பொருள். துப்பாக்கி வந்ததும் அதே கரையை அதற்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். அடர்ந்த குடியிருப்பு, குறிப்பிட்ட தொலைவு, தற்காப்புக்கு விலக்கு, தோட்டாவைத் தாங்கும் மண் என்று இன்றைய அமெரிக்க விதிகளில் உள்ள எல்லா உறுப்புகளும் இந்த ஒரு பிரிவில் இருக்கின்றன. இவற்றுக்குப் பின்னால் வந்தவை பெரும்பாலும் அளவு மாற்றங்களே.

குடியேற்றக் காலத்து அமெரிக்க நகரங்களும் இதே தடத்தில் சென்றன. பென்சில்வேனியாவின் 1721-ஆம் ஆண்டுச் சட்டம் பிலடெல்பியா நகருக்குள் ஆளுநரின் தனி அனுமதி இல்லாமல் துப்பாக்கி சுடுவதையும் வாணவேடிக்கை விடுவதையும் ஒரே மூச்சில் தடைசெய்து, 5 ஷில்லிங் தண்டம் விதித்தது. துப்பாக்கியையும் வாணத்தையும் ஒன்றாகக் கட்டியதிலிருந்தே சட்டம் இயற்றியவர்களின் நோக்கம் விளங்கும். அவர்கள் ஆயுதத்தைப் பார்க்கவில்லை. நெருக்கமாக நின்ற, தீப்பிடிக்கக்கூடிய வீடுகளைப் பார்த்தார்கள். பாஸ்டனுக்காக 1746-இல் வந்த சட்டம் இன்னும் நுட்பமானது. நகரத்திலும் துறைமுகத்திலும் ரவையோ குண்டோ நிரப்பிய துப்பாக்கியைச் சுடுவது குற்றம் என்ற அந்தச் சட்டம், பயிற்சி நாட்களில் படைவீரர்கள் குறிவைத்துச் சுடுவதை அனுமதித்தது. ஆனால் பொதுத்திடலின் கீழ்க்கோடியில்தான் சுடவேண்டும். திடலின் எந்த முனை என்பதுவரை சட்டத்திலேயே எழுதினார்கள் என்றால், ஊரின் நிலக்கிடப்பை அறிந்தவர்கள் அதை எழுதினார்கள் என்று பொருள். நியூயார்க்கில் புத்தாண்டை ஒட்டிய மூன்று நாட்களுக்குத் துப்பாக்கி சுடத் தடை. தண்டம் 20 ஷில்லிங். குடித்துவிட்டுக் கொண்டாடும் கூட்டத்தை மனத்தில் வைத்து எழுதிய விதி அது.

இந்தப் பழைய விதிகளைத் தூசிதட்டி எடுத்தது 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஹெல்லர் வழக்கு. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி பிரெயர், பாஸ்டன், பிலடெல்பியா, நியூயார்க் விதிகளைக் காட்டி, துப்பாக்கிக் கட்டுப்பாடு அமெரிக்காவின் தொடக்கத்திலிருந்தே உண்டு என்றார். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியா, இவை வேகமாக வண்டி ஓட்டுவதற்குப் போடும் அபராதம் போன்ற சிறு தண்டங்களே, வீட்டில் ஆயுதம் வைத்திருப்பதற்கான தடைக்கு ஆதாரமாகா என்று பதில் சொன்னார். வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது பற்றிய அந்த வழக்கில் ஸ்காலியாவின் வாதம் எடுபட்டது. ஆனால் கொல்லையில் சுடுவது பற்றிய கேள்வியில் இருவருமே ஒரே சாட்சியத்தைத்தான் தருகிறார்கள். ஊருக்குள் எங்கே சுடலாம் என்பதை ஊர் தீர்மானித்தது, அதை எவரும் உரிமைப் பறிப்பாகக் கருதவில்லை என்பது இருதரப்புக் கூற்றிலும் அடங்கியிருக்கிறது. 2022-இல் அதே நீதிமன்றம் தந்த புரூயன் தீர்ப்பு, ஆயுத விதி ஒன்று நிலைக்க வேண்டுமானால் அதற்கு வரலாற்று மரபு இருக்கவேண்டும் என்று அளவுகோலை மாற்றியது. அதன்பின் 1721-ஆம் ஆண்டின் 5 ஷில்லிங் தண்டம் நீதிமன்றத்தில் எடைபோடப்படும் சான்றாகிவிட்டது.

நகரத்துக்கு வெளியே இருந்த நிலங்களில் இந்த வேலையைச் செய்தது உரிமையியல் சட்டம். தன் நிலத்தில் நின்று சுட்ட தோட்டா அடுத்தவர் நிலத்துக்கு மேலே பறந்தால் அது அத்துமீறலா? 1815-இல் இங்கிலாந்தின் பிக்கரிங் வழக்கில் எல்லன்பரோ பிரபு, நிலத்தைத் தொடாமல் மேலே பறக்கும் தோட்டாவை அத்துமீறல் என்று சொல்லமுடியுமா என்று ஐயப்பட்டார். 1887-இல் பரி பிரபுவுக்கு எதிரான கிளிஃப்டன் வழக்கு அந்த ஐயத்தைப் பாதி தீர்த்தது. சுடுதளத்திலிருந்து வந்த தோட்டாக்கள் விவசாய நிலத்துக்கு மேலே ஏறத்தாழ 75 அடி உயரத்தில் பறந்தன. அது அத்துமீறல் ஆகாது, ஆனால் நிலத்தை நிம்மதியாக அனுபவிக்க விடாத தொல்லை என்று நீதிமன்றம் சொன்னது. கீழே ஏர் ஓட்டுகிறவருக்கு இந்த நுட்பம் எவ்வளவு ஆறுதல் தந்திருக்கும் என்று தெரியவில்லை. அமெரிக்காவில் மொன்டானா மாநில உச்ச நீதிமன்றம் 1925-இல் ஹெரின் வழக்கில் ஒரு படி மேலே போனது. அண்டை நிலத்தின் மேலாகப் பறவைகளைச் சுட்டதே அத்துமீறல். ரவை நிலத்தில் விழவேண்டிய தேவைகூட இல்லை. கொடுத்த இழப்பீடு பெயரளவுக்கு 1 டாலர். தொகை சிறியது, கொள்கை பெரியது: நிலத்தின் உரிமை அந்த நிலத்தின் எல்லையோடு முடிகிறது, தோட்டாவோடு சேர்ந்து எல்லை தாண்டுவதில்லை. என் நிலத்தில் நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன் என்று இன்றும் எழும் முதல் ஆட்சேபத்துக்கு, இந்தத் துறையில் நூறு ஆண்டுக்கு முன்பே பதில் சொல்லியாகிவிட்டது. தோட்டா எல்லைக்குள் நிற்கும் என்று உறுதி தரமுடிந்தவருக்கே அந்த வாதம் உதவும்.

சுடுதலுக்கு ஊரே விதி வகுக்கும் மரபு முறிந்த இடமாக ஃபுளோரிடாவைக் காட்டலாம். 1987-இல் அந்த மாநிலச் சட்டப்பேரவை துப்பாக்கி, தோட்டா தொடர்பான ஒழுங்குமுறை முழுவதையும் மாநிலமே எடுத்துக்கொள்வதாகச் சட்டம் இயற்றி, கவுன்டிகளும் நகரங்களும் போட்டிருந்த விதிகளைச் செல்லாதவையாக்கியது. வாங்குதல், விற்றல், வைத்திருத்தல், எடுத்துச்செல்லுதல் என்று நீளும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் சுடுதல் என்ற சொல் இல்லை. ஆயினும் துறை முழுவதும் மாநிலத்துக்கே என்ற பொதுவாசகத்தை வைத்து, மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் அதையும் உள்ளடக்கியே பொருள் கொண்டது. பென்சில்வேனியாவிலும் 1974-இலிருந்து உள்ளூர் விதிகளுக்கு இதேபோன்ற தடை உண்டு. அங்கும் பட்டியலில் சுடுதல் இல்லை. ஆனால் அங்கே டவுன்ஷிப் எனும் உள்ளூராட்சிகள் சுடுதலை இன்றும் ஒழுங்குபடுத்துகின்றன. ஒரே மௌனத்துக்கு இரண்டு மாநிலங்களில் இரண்டு பொருள். ஃபுளோரிடா 2011-இல் மேலும் இறுக்கியது. தெரிந்தே உள்ளூர்த் துப்பாக்கி விதி கொண்டுவரும் அதிகாரிக்கு 5,000 டாலர் வரை அபராதம் விதிக்கலாம், ஆளுநர் அவரைப் பதவியிலிருந்து நீக்கலாம் என்றது புதிய திருத்தம். நகரங்கள் வழக்குத் தொடுத்தன. 2019-இல் கீழ்நீதிமன்றம் நகரங்களின் பக்கம் நின்றது. 2021-இல் மேல்முறையீட்டில் அது மாறியது. 2023 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றமும் மாநிலத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. இதற்கிடையே டல்லஹாசி நகரம் செய்தது சுவையானது. ஊருக்குள்ளும் பூங்காக்களிலும் சுடுவதைத் தடுத்த தன் பழைய விதிகளை அது நீக்க மறுத்துவிட்டது. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், செல்லாத விதி ஏட்டில் கிடப்பதாலேயே நகரம் குற்றம் செய்ததாகாது என்றது. செயல்படுத்த முடியாத, ஆனால் அழிக்கவும் படாத விதி அது. நகரசபை தன் கருத்தைப் பதிவுசெய்ய அது ஒன்றுதான் வழி போலும்.

உள்ளூர் விதிகளைச் செல்லாதவையாக்கியதன் விளைவு 2014, 2015-ஆம் ஆண்டுகளில் வெளிப்பட்டது. ஃபுளோரிடா கீஸ் தீவுகளில் ஒருவரும், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நெருக்கமான வீடுகளுக்கு நடுவே மற்றொருவரும் கொல்லையில் சுடுதளம் அமைத்தார்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மரச்சட்டங்களை அடுக்கி மணல் நிரப்பியதே தடுப்பு. அக்கம்பக்கத்தார் காவல்துறையை அழைத்தார்கள். அன்றைய மாநிலச் சட்டப்படி வீட்டு மனையில் கவனக்குறைவாகவோ பொறுப்பற்ற முறையிலோ சுடுவது மட்டுமே குற்றம். தோட்டா தவறிப்போகும் முன்பே பொறுப்பின்மையை எப்படி நிரூபிப்பது? நகரசபையால் விதி போடமுடியாது. போட்டால் உறுப்பினரின் பதவி போகலாம். கடைசியில் மாநிலமே 2016-இல் சட்டத்தைத் திருத்தியது. முதன்மையாகக் குடியிருப்புத் தன்மை கொண்ட, ஓர் ஏக்கருக்கு ஒரு வீடோ அதற்கு மேலோ உள்ள பகுதி என்று தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையிலும், பொழுதுபோக்காக வெட்டவெளியில் சுடுவது முதல்நிலைச் சிறுகுற்றம். ஓராண்டு வரை சிறை, 1,000 டாலர் வரை அபராதம். தற்காப்பு, அலுவல் கடமை, தற்செயலாகச் சுட்டுவிடுவது ஆகியவற்றுக்கு விலக்கு. இவற்றோடு இன்னொரு விலக்கும் உண்டு. அந்தச் சூழலில் உயிருக்கோ சொத்துக்கோ முன்கூட்டியே ஊகிக்கத்தக்க ஆபத்து இல்லையென்றால் தடை பொருந்தாது.

ஏக்கருக்கு ஒரு வீடு என்ற எண் தெளிவானது போலத் தோன்றும். சதுரமான ஓர் ஏக்கரின் பக்கம் ஏறத்தாழ 209 அடி. அமெரிக்கக் கொல்லைகளில் பெரிதும் சுடப்படும் .22 ரகத் தோட்டாவின் பெட்டிகள் பலவற்றில் ஒன்றரை மைல் வரை ஆபத்து என்ற எச்சரிக்கை இருக்கும். அப்படியானால் தடையில்லாத ஒரு தோட்டா, வரிசையாக வைத்த ஓர் ஏக்கர் மனைகள் 38-ஐக் கடந்துபோகக்கூடும். இரண்டு ஏக்கருக்கு ஒரு வீடு உள்ள பகுதியில் தடை இல்லை. ஓர் ஏக்கருக்கு ஒன்று என்றால் தடை. தோட்டாவுக்கு இந்த வேறுபாடு தெரியாது. ஆகவே அடர்த்தி எண்ணுக்கு இயற்பியல் அடிப்படை எதுவும் இல்லை. சட்டத்தில் உண்மையான வேலையைச் செய்வது அந்தக் கடைசி விலக்குதான். ஆபத்து ஊகிக்கத்தக்கதா என்று கேட்கும் காவலரோ நீதிபதியோ எதைப் பார்ப்பார்? பின்னால் மண்மேடு உண்டா, எவ்வளவு உயரம், எவ்வளவு தடிப்பு, அதற்கு அப்பால் என்ன இருக்கிறது, சுடுபவர் எந்தக் கோணத்தில் நிற்கிறார் என்பவற்றைத்தான். 1541-ஆம் ஆண்டின் பொருத்தமான இடத்து மண்கரை, 475 ஆண்டு கழித்து வேறு உடையில் திரும்பி வந்திருக்கிறது. ஒரு வேறுபாடு உண்டு. அன்று கரையை முன்கூட்டியே பார்த்துச் சரியென்று சொல்ல ஊர் இருந்தது. இன்று ஃபுளோரிடாவில் குற்றம்சாட்டப்பட்ட பிறகே அந்தக் கேள்வி எழுகிறது.

மற்ற மாநிலங்கள் வேறு அளவுகோல்களைத் தேடின. டெக்சாஸ் நில அளவையும் தொலைவையும் சேர்த்துப் பார்க்கிறது. நகர எல்லைக்கு வெளியே உள்ள விரிவெல்லைப் பகுதியில், 10 ஏக்கருக்குக் குறையாத நிலத்தில், அண்டை நிலத்து வீடுகளிலிருந்து 150 அடிக்கு அப்பால் ஷாட்கன், ஏர்கன், வில் ஆகியவற்றை நகரம் தடுக்கமுடியாது. ரைஃபிளுக்கும் பிஸ்டலுக்கும் 50 ஏக்கர், 300 அடி. இவற்றோடு, எறிபொருள் நிலத்தின் எல்லையைத் தாண்டும் என்று நியாயமாக எதிர்பார்க்க இடமில்லாதபடி சுடவேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ஆயுதத்தின் வீச்சுக்கு ஏற்ப நிலத்தைக் கேட்பதால், ஃபுளோரிடா விதியைவிட இது நேர்மையானது. நகராட்சி இல்லாத புறப்பகுதி மனைப்பிரிவுகளில் 10 ஏக்கரும் அதற்குக் குறைவுமான மனைகளுக்குக் கவுன்டியே விதி போடலாம் என்று டெக்சாஸ் விட்டுவைத்திருப்பதும் கவனிக்கத்தக்கது. துப்பாக்கிக்கு நட்பான மாநிலம் என்று பெயரெடுத்த அங்கேயே, சிறு மனைகளின் விஷயத்தில் உள்ளூர் அறிவை நம்பியிருக்கிறார்கள். அரிசோனா ஒரு மரணத்திலிருந்து பாடம் கற்றது. 1999 ஜூனில் ஃபீனிக்ஸ் நகரில் தன் வீட்டுக் கொல்லையில் நின்றிருந்த 14 வயதுச் சிறுமி, எங்கிருந்தோ வானில் சுட்டு விழுந்த தோட்டாவால் இறந்தாள். அடுத்த ஆண்டே நகர எல்லைக்குள் குற்றத்தன்மையுள்ள கவனக்குறைவோடு சுடுவதைப் பெருங்குற்றமாக்கிய, அவள் பெயரால் ஷானன் சட்டம் என்று அழைக்கப்படும் சட்டம் வந்தது. முறையாக மேற்பார்வை செய்யப்படும் சுடுதளத்துக்கும், மக்கள் இருக்கும் கட்டடங்களிலிருந்து ஒரு மைலுக்கு அப்பால் சுடுவதற்கும் அதில் விலக்கு உண்டு. எட்டாம் ஹென்றியின் கால் மைல் இங்கே ஒரு மைலாகியிருக்கிறது.

மாநிலமே எல்லா விதியையும் வகுக்கவேண்டும் என்பவர்களின் வாதத்தில் வலு உண்டு. ஃபுளோரிடாவில் 67 கவுன்டிகளும் 400-க்கும் மேற்பட்ட நகராட்சிகளும் உள்ளன. ஒவ்வொன்றும் தனித்தனி விதி போட்டால், காரில் துப்பாக்கியோடு பயணம் செய்யும் ஒருவர் தெரியாமலேயே குற்றவாளியாகலாம். துப்பாக்கி எடுத்துச்செல்வதைப் பொறுத்தவரை இதை மறுப்பது கடினம். ஆனால் கொல்லையில் சுடுகிறவர் பயணம் செய்வதில்லை. அவருடைய மனை ஒரே கவுன்டியில், ஒரே ஊரில், நகராமல் இருக்கிறது. வேலி எவ்வளவு உயரம், கழிவுநீர்த் தொட்டி எங்கே, கோழி வளர்க்கலாமா என்பதற்கெல்லாம் அவர் உள்ளூர் விதியைத்தான் பார்க்கிறார்; சுடுவதற்கு மட்டும் பார்க்கமுடியாது என்பதற்கு நியாயம் இல்லை. பயணிகளுக்காகப் பிறந்த வாதம் மனைக்கு நீட்டப்பட்டதே இங்கு நடந்த தவறு. உள்ளூர் அதிகாரம் கொடுத்தால் நகரங்கள் முழுத்தடை போட்டுவிடும் என்ற அச்சமும் ஆதாரமற்றதல்ல. சிகாகோ நகரம் துப்பாக்கி உரிமத்துக்குச் சுடுதளப் பயிற்சியைக் கட்டாயமாக்கிவிட்டு, அதே விதியால் ஊருக்குள் சுடுதளங்களையே தடைசெய்தது. 2011-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் எசல் வழக்கில் அதை நிறுத்தியது. 2017-இல் அடுத்துவந்த மண்டல விதிகளையும் தள்ளியது. ஆனால் எல்லை மீறும் ஊரைத் திருத்த நீதிமன்றம் இருக்கிறது என்பதையே இந்த வழக்கு காட்டுகிறது; ஊரின் அதிகாரத்தை முற்றாகப் பறிக்கவேண்டிய தேவையை இது காட்டவில்லை.

சுடுதளத்துக்குப் போய்வர வசதியில்லாத கிராமத்தவருக்குச் சொந்த நிலமே பயிற்சிக் களம், கட்டுப்பாடு அவரையே முதலில் தாக்கும் என்பது இன்னொரு ஆட்சேபம். உண்மையான கிராம நிலங்களை மேலே சொன்ன விதிகள் பெரும்பாலும் தொடுவதில்லை. சிக்கல் பெரிதும் எழுவது சிறிய புறநகர் மனைகளில். பென்சில்வேனியாவின் ஸ்ட்ரவுட் டவுன்ஷிப் 2011-இல் போட்ட விதி, சுடுவதைக் குறிப்பிட்ட இரு மண்டலங்களில், குறைந்தது 5 ஏக்கர் நிலத்தில் அமையும் சுடுதளங்களுக்கு ஒதுக்கியது. ஐந்து ஏக்கருக்குச் சற்றே குறைந்த தம் குடியிருப்பு நிலத்தில் சுட விரும்பியவர் வழக்குத் தொடுத்தார். இடைநிலை நீதிமன்றத்தில் விதி விழுந்தது. 2024 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் அதை நிமிர்த்தியது. மக்கள் நெருங்கி வாழும் இடத்தில் சுடுவதைக் கட்டுப்படுத்துவது நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்துப்போகிறது என்பதே காரணம். அதே ஆண்டு மிச்சிகனின் ஹவல் டவுன்ஷிப்பில் 1,000 கெஜம் நீளச் சுடுதளம் கேட்ட வழக்கிலும் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் டவுன்ஷிப்பின் பக்கம் நின்றது.

சுடும் இடத்தோடு கேள்விகள் முடிவதில்லை. ஈய மாசு பற்றிக் கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2001-இல் வெளியிட்டு 2005-இல் திருத்திய வழிகாட்டி நூல் சுடுதளங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வீட்டுக் கொல்லைகளில் சேரும் ஈயத்துக்குத் தனி விதி பெரும்பாலான மாநிலங்களில் இல்லை. ஒலி பற்றிய புகார்களில், பல மாநிலங்கள் பழைய சுடுதளங்களுக்குத் தொல்லை வழக்குகளிலிருந்து பாதுகாப்பு அளிக்கின்றன. ஏர்கன்களை மாநிலங்கள் வெவ்வேறாக நடத்துகின்றன.